நோங் நோக் சாகவில்லை

அன்புள்ள அருளுக்கு,

"இருக்கவாம்மா, வரவா?" என்று போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் போனில் கேட்டாய். நான் "எழுதுகிறேன்" என்று ஒற்றைச் சொல்லோடு வைத்துவிட்டேன். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் ஒன்றும் இல்லை. தொண்டை போயிருந்தது. கத்திக் கத்தி, கைதட்டி, மறுபடியும் கத்தி, அந்த ஒரு சொல்லுக்குமேல் எதுவும் வெளியே வரவில்லை. பெண்பிள்ளை சிரித்தால் அடுத்த பெஞ்சுக்குக் கேட்கக் கூடாது என்று கான்வென்டில் சிஸ்டர்கள் வளர்த்த பெண் நான். மில் ஆபீஸில் வேலை பார்த்த காலமெல்லாம் என் மேசைப் பக்கம் வந்தால் மேனேஜரே குரலைத் தாழ்த்திக்கொள்வார். அப்பேர்ப்பட்டவள் இந்த வயதில் கால்பந்து பார்த்துக் குரலைத் தொலைத்தேன் என்றால் நீ நம்பமாட்டாய். நம்பு. அன்றிலிருந்து மிளகும் கருப்பட்டியும் போட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்புவதோடு நம் கோயிலின் பங்கு மடலில் அச்சிடவும் ஃபாதரிடம் கொடுக்கிறேன். காரணம் உண்டு. உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, உன் மாமனார் காலமாகிவிட்டார் என்ற செய்தி நம் கோயில் பீடத்துக்குப் பக்கத்திலிருந்துதான் ஊருக்குள் கிளம்பிப் போனது. மறுப்பும் கோயில் வழியாகவே போவதுதான் முறை. பதறாதே. உனக்கே தெரியாமல் உனக்குக் கல்யாணம் நடந்து, அந்த வீட்டில் ஒரு சாவும் விழுந்து, எல்லாம் ஒரே பொழுதில் தீர்ந்தும் போனது. முதலிலிருந்து சொல்கிறேன். நீ கேட்ட கேள்விக்குப் பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

நீ தாய்லாந்தில் இருக்கிறாய் என்றால் ராஜபாளையத்தில் எல்லாரும் ஓட்டலா, கம்ப்யூட்டரா என்று கேட்கிறார்கள். கால்பந்து கிளப்பில் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான் என்று சொன்னால், "அது சரி, வேல என்ன பாக்கான்?" என்று மறுபடி கேட்கிறார்கள். பாங்காக்கிலிருந்து ரயிலில் அரை நாள் தள்ளி, நெல் விளைகிற ஒரு மாகாணத்தின் கிளப் அது, மைதானத்தில் ஒரு பக்கம்தான் கூரை, மற்ற மூன்று பக்கமும் வெயிலும் மழையும்தான் என்று நீ எனக்குச் சொன்னதையெல்லாம் நான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆட்டம் இருக்கிற நாளில் ஊர்ச் சந்தை முழுவதும் மைதானத்து வாசலுக்கு வந்துவிடும் என்றாய். கோழி சுடுகிற பெண்கள் ஆட்டம் தொடங்கியதும் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடிவிடுவார்கள் என்றாய். நோங் நோக் என்றால் பறவைக் குளம் என்று அர்த்தம் சொன்னதும் நீதான். உங்கள் சட்டையில் இருக்கிற அந்த நாரையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டு நிற்கும் அதே நத்தைகொத்தி நாரை, வத்திராயிருப்பு போகிற வழியில் நம் கண்மாய்களிலும் நிற்கிறது. பஸ்ஸில் போகும்போது இப்போதெல்லாம் அவற்றைப் பார்த்தால் உன் கிளப்பின் ஆட்கள் என்றே தோன்றுகிறது.

கோல்கீப்பர் என்ற சொல் நம் வீட்டுக்குப் புதிதும் அல்ல. உன் அப்பா போலீஸ் உத்தியோகத்தில் இருந்தாலும், மாவட்ட போலீஸ் அணியின் கோல்கீப்பர் என்று சொல்லிக்கொள்வதில்தான் அவருக்கு நெஞ்சு நிமிரும். கல்யாணமான புதிதில் ஒரு ஆட்டத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. உன் அப்பா இரண்டு கம்பங்களையும் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்து, நடுவில் நிற்காமல், ஒரு பக்கமாக அரை அடி நகர்ந்து நின்றார். மறுபக்கம் ஆவென்று திறந்து கிடந்தது. அடிப்பவன் அந்தத் திறந்த பக்கம்தான் அடித்தான், இவர் அங்கேதான் பாய்ந்தார், பிடித்தார். வீட்டுக்கு வரும் வழியில் நான் சும்மா இருக்கவில்லை. "கதவைத் திறந்து போட்டுத் திருடனைக் கூப்பிடுகிற மாதிரி அல்லவா இருக்கிறது" என்றேன். "திருடன் எந்த வாசல் வழியா வருவான்னு தெரிஞ்சா பிடிக்கது லேசு, ஆபீசரம்மா" என்றார். போலீஸ்காரர் அல்லவா. நீ நடக்கப் பழகியதும் நம் வீட்டு முற்றத்தில் இரண்டு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அந்த அரை அடியைத்தான் உனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தார். வீட்டுப்பாடம் முடிக்காமல் பக்கெட்டைத் தொடக் கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்தேன். இரண்டும் உனக்கு உதவியிருக்கின்றன என்றே நினைக்கிறேன்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். இரண்டாம் நிலை லீக்கில் உங்களுக்கு அது கடைசி ஆட்டம், சொந்த மைதானத்தில். ஜெயித்தாலும் போதும், சமனில் முடிந்தாலும் போதும், தோற்றால் மட்டும் மூன்றாம் நிலைக்கு இறங்கிவிடுவீர்கள். இறங்கினால் வெளிநாட்டுப் பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கிளப்பால் முடியாது என்றாய். தப்பினால் உனக்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம். இதற்கிடையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளித் தாளாளரைப் பார்த்து, உனக்காக விளையாட்டு ஆசிரியர் வேலைக்கு நான் பேசி வைத்திருந்தேன். உன்னைக் கேட்காமல் பேசியது சரியில்லைதான். ஆனால் வேலை நல்ல வேலை, அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆக, கணக்கு எனக்குத் தெளிவாகவே இருந்தது. நோங் நோக் தோற்றால் என் மகன் வீட்டுக்கு வருவான். தோற்காவிட்டால் வரமாட்டான்.

ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. நோங் நோக் ஜெயிக்கட்டும் என்று வாய் சொல்லும். முழங்கால் வலிக்கும்போது, அருள் பக்கத்தில் இருந்தால் ஒரு வெந்நீராவது வைத்துக் கொடுப்பானே என்று மனசு சொல்லும். மாதாவும் மகனை ஊரைவிட்டு அனுப்பிவிட்டு நின்றவள்தானே, அவளிடம் ஒளித்து என்ன ஆகப்போகிறது என்று இரண்டையும் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை நீ வீடியோவில் கூப்பிட்டாய், ஞாபகம் இருக்கிறதா? கொட்டுகிற மழையில் மைதானத்தில் நின்றாய். பின்னால் அந்தப் பையன், உன் கோல்கீப்பர், சேறு பூசி எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தான். பெயர் ஐஸ் என்றாய். பெற்ற பிள்ளைக்கு ஐஸ் என்று பெயர் வைப்பார்களா என்று நான் கேட்டேன், அங்கே அப்படித்தான் செல்லப்பெயர் வைப்பார்கள் என்றாய். பேசிக்கொண்டே இருந்தவன் திடீரென்று திரும்பி அவனைத் தாய்லாந்து மொழியில் ஒரு அதட்டு அதட்டினாய். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் இங்கே எந்த வேலையிலும் உன் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் கோயிலுக்குப் போய், ஞாயிறு முதல் பூசையில் வாசித்து ஜெபிக்க ஒரு கருத்துச் சீட்டுக் கொடுத்தேன். சீட்டில் "நோங் நோக்" என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே நம் குடும்பத்தின் பெயரை எழுதி, "வேண்டுதல்" என்ற இடத்தில் சரியாகக் குறியும் போட்டேன். என் பங்கில் தவறு இல்லை என்பதை இங்கே எல்லாரும் படிக்கும்படி மறுபடியும் சொல்கிறேன். குறி போட்டேன்.

ஆனால் உன் அப்பா போன நாளிலிருந்து மாதாமாதம் நான் கொடுக்கிற சீட்டெல்லாம் அவருடைய ஆன்மாவுக்காகத்தான். உயிரோடு இருக்கிற யாருக்காகவும் நான் பூசை கொடுத்ததே இல்லை. அதனால் பூசைச் சீட்டுகளை வாசிக்கிற நம் உபதேசியார் என் கையெழுத்தைக் கண்டதும், மேலே கீழே பார்க்காமல், இறந்தவர்கள் பகுதியில் சேர்த்துவிட்டார். ஞாயிறு விடியற்காலையில், கோயில் நிறைய ஜனம் இருக்கும்போது, ஒலிபெருக்கியில் வாசித்திருக்கிறார்: "திரு. நோங் நோக் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக." திரு என்பதை அவராகவே மரியாதைக்குச் சேர்த்திருக்கிறார். நான் அங்கே இருந்திருந்தால் எழுந்து நின்றே திருத்தியிருப்பேன். அன்றைக்கென்று பார்த்து முழங்கால் வீங்கி, பூசைக்குப் போகவில்லை. ஒரு ஞாயிறும் தவறாதவள் வரவில்லை என்றதும் ஊருக்கு அது ஊர்ஜிதமாகிவிட்டது.

முதலில் வந்தது பிலோமி டீச்சர். வந்தாள், உட்கார்ந்தாள், என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். காபி வேண்டாம் என்றாள். காபி வேண்டாம் என்று பிலோமி சொன்னது அதுதான் முதல் தடவை. செத்த நேரம் இருந்துவிட்டு எழுந்தாள், ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. சொல்லாமல் போவது எனக்குப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். கல்லூரிக்குப் போன முதல் நாள் நீ சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாய் என்று, பஸ்ஸை நிறுத்தி, உன்னை இறக்கி, "போயிட்டு வாரேன்" என்று சொல்ல வைத்துத் திரும்ப ஏற்றியவள் நான். கண்டக்டர் முறைத்தார். முறைக்கட்டும். அப்படிப்பட்ட என் வீட்டுக்குப் பிலோமிக்குப் பின்னாலும் மூன்று நான்கு பேர் வருவதும், தலையைக் குனிந்து உட்காருவதும், சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போவதுமாக இருந்தார்கள். ஊரில் மரியாதை போய்விட்டது என்று நான் நினைத்தேனே தவிர, இழவு வீட்டில்தான் யாரும் போயிட்டு வாரேன் சொல்லமாட்டார்கள் என்பது புத்தியில் உறைக்கவில்லை. என் வீட்டில்தான் ஒரு குறையும் இல்லையே. பத்து மணிக்கு எதிர்வீட்டு சுப்புராஜ் அண்ணாச்சி ஒரு பெரிய பிளாஸ்க் காபியும் தூக்குச்சட்டி நிறைய இட்லியும் கொண்டுவந்தார். "ஏம்மா, நீங்க இன்னைக்கு அடுப்பு மூட்ட வேண்டாம்" என்றார். முழங்கால் வீக்கம் அவருக்குக் கூடத் தெரிந்துவிட்டதே என்று நெகிழ்ந்து போய் இட்லியைச் சாப்பிட்டேன். அடுத்த கொஞ்ச நேரத்தில் வாடகைக்கடை வண்டி ஒன்று வந்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கியது. ஆட்டம் பார்க்க ஆட்கள் வருவார்கள் என்று நீ அங்கிருந்தே போன் பண்ணி ஏற்பாடு செய்திருக்கிறாய் போல, பரவாயில்லை, பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன்.

உன் ரோஸ் அத்தை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து இறங்கியபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. கையில் பால்கோவா இல்லை! உன் அப்பாவின் தங்கை இத்தனை வருடத்தில் நம் வாசலைப் பால்கோவா இல்லாமல் மிதித்தது ஒரே ஒரு தடவைதான், அது உன் அப்பா இறந்த அன்று. பஸ் ஸ்டாண்டில் வாங்க மறந்தாளா என்று நான் யோசிக்கும் முன்பே முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"மதினி! எங்க அருளு மாமனாரு மூஞ்சியக்கூட ஒருதரம் பாக்கக் குடுத்து வைக்கலியே மதினி! ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? தாய்லாந்துப் பொண்ணுன்னா நாங்க வேண்டாம்னா சொல்லியிருப்போம்?"

"ரோஸ், கையை எடு. யாருக்கு மாமனார்?"

"மறைக்காதிய மதினி. பூசையில பேரு வாசிச்சாச்சு. நோங் நோக்காமே! பாவம், எம்புட்டு வயசு அவியளுக்கு?"

சுப்புராஜ் அண்ணாச்சி நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டே, "சக்கரை இருந்திச்சாம்" என்றார். சர்க்கரை வியாதி வரைக்கும் ஊர் போய்விட்டது! யார் சொன்னது என்று கேட்டால், பேச்சு வாக்கில் வந்தது என்கிறார். வெளிநாட்டுப் பெயருக்குப் பூசை கொடுத்திருக்கிறாள் என்றால் அது சொந்தமாகத்தான் இருக்க வேண்டும், தாய்லாந்தில் சொந்தம் என்றால் அது சம்பந்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று பிலோமி டீச்சர் கோயில் வாசலிலேயே முடிவு கட்டிவிட்டாளாம். கணக்கு டீச்சர் அவள்.

நான் உபதேசியாரைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தார், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு துக்க முகத்தோடு. "சீட்டைக் கொண்டு வந்தீரா?" என்றேன். சட்டைப்பையிலிருந்து எடுத்தார். "குறி எங்கே போட்டிருக்கிறேன், வாசியும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். முகம் வெளுத்துவிட்டது. "நோங் நோக் மனுஷர் இல்லை, உபதேசியாரே. கால்பந்து கிளப். சாகவும் இல்லை. இன்னைக்குச் சாயங்காலம் நாலரை மணிக்கு ஆட்டம். தோற்றால்தான் கஷ்டம்."

முதலில் சிரித்தது ரோஸ்தான். கண்ணீர் காயாமலே சிரித்தாள். "அடப்பாவி மனுசா, பதினோரு பேத்தையும் ஒரே பூசையில அனுப்பிட்டீரே!" என்று அவள் சொல்லவும், சுப்புராஜ் அண்ணாச்சி தான் போட்ட நாற்காலியிலேயே சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உபதேசியார் மட்டும் சிரிக்கவில்லை. "இப்ப என்னம்மா செய்ய? ஆட்டத்துக்கு முந்தியே சாவு அறிவிச்சாச்சே, தோத்தா பழி எம்மேலல்லா விழும்?" என்று கேட்டார். உண்மையான பயம் அவருக்கு. எனக்கும் இல்லாமல் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். "இழவுக்கு வந்த நாற்காலி இருக்கிறது, காபி இருக்கிறது. காலையில் துட்டி கேட்க வந்த அத்தனை பேரையும் நாலரைக்கு வரச் சொல்லும். வந்து உயிரோடு இருக்கிறானா என்று பார்த்துவிட்டுப் போகட்டும்" என்றேன்.

வந்தார்கள் அருள்! ஒருத்தர் பாக்கியில்லை. போனையும் டிவியையும் நானே ஒயர் சொருகி இணைத்தேன், யார் உதவியும் இல்லாமல். முற்றம் வரைக்கும் நாற்காலி. மைதானம் தெரிந்ததும், அந்த ஒற்றைக் கூரை, நாரைக் கொடி, மேளம், நீ சொன்ன கோழிக்காரப் பெண்கள் எல்லாம் தெரிந்ததும் ஒவ்வொன்றாக விரல் நீட்டி எல்லாருக்கும் காட்டினேன். வர்ணனை முழுவதும் தாய்லாந்து மொழி. உபதேசியார் செய்த தவறுக்குப் பரிகாரமாக மொழிபெயர்க்க உட்கார்ந்துவிட்டார். "அவிய என்ன சொல்லுதாவன்னா, காத்து நமக்குச் சாதகமில்லையாம்." "உமக்கு எப்பய்யா தாய்லாந்து பாஷை தெரியும்?" என்றாள் பிலோமி. "மொகத்தப் பாத்தாத் தெரியலயா?" என்றார். உங்கள் பிரேசில்காரன் தலையால் முட்டிக் கோல் போட்டதும் ரோஸ் குலவை போட்டாள். சுப்புராஜ் அண்ணாச்சி வீட்டு நாய் பதிலுக்கு ஊளையிட்டது. இடைவேளையில் உன் முகம் ஒரு வீச்சுத் தெரிந்து மறைந்தது. எல்லாரும் "அருளு! அருளு!" என்று எழுந்துவிட்டார்கள். நீ மெலிந்திருக்கிறாய். அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

இரண்டாம் பாதியில் அவர்கள் ஒன்று போட்டுச் சமமாக்கிவிட்டார்கள். பரவாயில்லை, சமன் போதும், இப்படியே முடியட்டும் என்று ஜெபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் உங்கள் ஆள் அவசரப்பட்டு எதிரணிப் பையன் ஒருவனைக் காலில் தட்டிவிட்டான். பெனால்டி. உபதேசியார் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டுச் சிலுவை போட்டார். ரோஸ் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "நான் பாக்கல, முடிஞ்சதும் சொல்லுங்க" என்றாள். அந்த இடத்தில், அருள், உன்னிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை, எனக்குள் ஒரு சத்தம் கேட்டது. இது உள்ளே போனால் அவன் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று.

அப்போது ஐஸ் நடந்து போனான். ஒரு கம்பத்தைக் குதிகாலால் தட்டினான். மறு கம்பத்தையும் தட்டினான். நடுவுக்கு வந்தான். பிறகு ஒரு பக்கமாக அரை அடி நகர்ந்தான்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தது எனக்குத் தெரியாது. முழங்கால் வலித்ததாகவும் ஞாபகம் இல்லை. நீ பிறப்பதற்கு முன்பு ஒரு வெயில் நாளில் நான் பார்த்த அதே நிற்பு. முதுகை வளைப்பது கூட அப்படியே. நான் அவருக்காக மாதாமாதம் பூசை கொடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் பூ கொண்டு போகிறேன், இவரானால் எங்கேயோ ஒரு பறவைக் குளத்தின் கரையில், நேரில் கூடப் பார்த்திராத பிள்ளையின் உடம்புக்குள் நின்றுகொண்டு, கதவைத் திறந்து போட்டுத் திருடனைக் கூப்பிடுகிறார். "பிடிச்சிருவான்!" என்று கத்தினேன். அடிப்பவன் இன்னும் ஓடிவரவே தொடங்கவில்லை. "உக்காருங்க மதினி" என்று ரோஸ் முந்தானைக்குள்ளிருந்து சேலையைப் பிடித்து இழுத்தாள். "ஏலே ஐசு, விட்றாதலே!" என்று பின்னாலிருந்து சுப்புராஜ் அண்ணாச்சி. அடித்தான். திறந்து கிடந்த பக்கம்தான் அடித்தான். ஐஸ் அங்கேதான் போனான். பந்து இரண்டு கையிலும் பட்டு, நெஞ்சுக்குள் அடங்கி, தரையில் அவனோடு சுருண்டது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதே. நான் கத்தினேன், அவ்வளவுதான் தெரியும். ஊர் முழுக்கக் கேட்டதாகச் சொல்கிறார்கள். நீ மைதானத்துக்குள் ஓடிப்போய் அந்தப் பிள்ளையைத் தூக்கியதை மறுநாள் அமைதியாக உட்கார்ந்து மறுபடி போட்டுத்தான் பார்த்தேன்.

விசில் ஊதியதும் ரோஸ் பர்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இங்கேயே கடையில் பால்கோவா வாங்கிவந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி ராஜபாளையத்தில் பால்கோவா வாங்குவது எவ்வளவு பெரிய தாழ்வு என்று உனக்குத் தெரியும், நோங் நோக்குக்காக அதையும் செய்தாள். காலையில் வாய் திறக்காமல் போன ஒவ்வொருவரும் என் முன்னால் வந்து நின்று, "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிலோமி வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து இரண்டாவது தடவையும் சொன்னாள். அப்போதுதான் நீ கூப்பிட்டாய். இருக்கவாம்மா, வரவா என்றாய்.

கேட்டதால் சொல்கிறேன், முடிவு உன்னுடையது. தாளாளருக்கு நீயே எழுது, மரியாதையாக, தாமதிக்காமல், பிழையில்லாமல். காத்திருந்ததற்கு நன்றி சொல், காரணத்தை நீட்டாதே. ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே. புரியாத மொழியில் இருந்தால் புரிந்த மொழியில் கேட்டு வாங்கு. நேரத்துக்குச் சாப்பிடு, நீ மெலிந்ததை ஒலிபெருக்கி வைத்தது போல எல்லாரும் என்னிடம் சொன்னார்கள். அந்தப் பிள்ளை ஐஸிடம், அந்த அரை அடியை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார் என்று சொல். உன் அப்பாவின் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழக்கு. அடுத்து யாருக்காவது அவன் சொல்லிக்கொடுக்கும்போது தேவைப்படும். நிஜமாகவே ஒரு நோங் நோக் அவர்களுக்கு மகள் இருந்து, நீ அவளைப் பார்த்து வைத்திருந்தால், எனக்கு முதலில் சொல், உபதேசியாருக்குப் பிறகு சொல்லலாம்.

நன்றிப் பூசைக்கு நேற்றே சீட்டுக் கொடுத்துவிட்டேன். உபதேசியார் என் கண் முன்னாலேயே குறியை இரண்டு தடவை பார்த்து, "உயிரோடதானம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் பையில் போட்டார். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து என் பாஸ்போர்ட்டை எடுத்தேன். உன் அப்பாவும் நானும் எருசலேம் யாத்திரை போக எடுத்தது, ஒரு முத்திரை கூட விழாமல் இருக்கிறது. காலாவதித் தேதியைப் பார்த்தேன், இன்னும் இருக்கிறது. ரோஸும் வருகிறேன் என்கிறாள், பால்கோவா அங்கே எத்தனை நாள் தாங்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். கூரை இருக்கிற பக்கம் இரண்டு இடம் எடுத்து வை. கோல் கம்பத்துக்குப் பக்கமாக இருக்கட்டும், நிற்பதைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும்.

இரு அருள். நான் வாரேன்.

உன்,
அம்மா